குச்சி எங்கே தொட்டது?

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிப்போருக்கும், பயிற்சிக் காலத்தில் முதன்முறையாகப் பன்றிக் கொட்டிலுக்குள் கால்வைக்கப் போகும் இளம் மருத்துவர்களுக்கும்,



கொரோனாக் காலத்தில் வரிசையில் நின்று மூக்குக்குள் குச்சி விட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். நுனிமூக்கில் பட்டும் படாமலும் தடவிவிட்டு அனுப்பியவர்கள் இருந்தார்கள். கண்ணில் நீர் முட்டும்வரை உள்ளே விட்டுச் சுழற்றியவர்களும் இருந்தார்கள். இரண்டு குச்சிகளும் ஒரே மாதிரி இயந்திரத்துக்குத்தான் போயின. அந்த நாட்களில் டீக்கடையில்கூட “சி.டி. எவ்வளவு வந்தது?” என்று விசாரித்தார்கள். குச்சி எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. யாரும் கேட்காத அந்தக் கேள்வியைப் பன்றியின் தொண்டைக்குப் பொருத்திப் பேசுவதுதான் இந்த மடலின் வேலை.

பேச்சுக்குரிய ஆள் மைக்கோபிளாஸ்மா ஹையோநியூமோனியே. பன்றிகளுக்கு வரும் ‘என்சூட்டிக் நியூமோனியா’ என்ற நாள்பட்ட நுரையீரல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் நின்றவர்களுக்கு இதன் உறவுக்காரரைத் தெரியும், கோழிக்குச் ‘சி.ஆர்.டி.’ கொண்டுவருவது மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகம். பன்றிக்கு வருவதற்கும் அதே குணம்தான். வந்தவுடன் கொல்லாது. வறட்டு இருமல், மந்தமான வளர்ச்சி, தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாமை என்று மாதக்கணக்கில் இழுக்கும். தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். பாஸ்டுரெல்லா, இன்ஃபுளூயன்சா, பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் என்று மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிடுவதுதான் இதன் பெரிய குற்றம். மனிதருக்கு இது தொற்றுவதில்லை; இறைச்சி உண்பவர் பயப்பட ஒன்றுமில்லை. இழப்பெல்லாம் வளர்ப்பவரின் கைப்பணம்.

கதவைத் திறப்பது எப்படி என்று தெரிந்தால்தான் குச்சி விஷயம் புரியும். பன்றியின் மூச்சுக்குழலின் உட்சுவரில் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் நெருக்கமாக நிற்கின்றன. வயற்காட்டில் காற்றடித்தால் நெற்பயிர் அலையலையாகச் சாயுமே, அதுபோல ஒரே திசையில் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. ஹையோநியூமோனியே அந்த மயிர்களைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பி97 என்ற புரதம் அதற்குப் பிடிகயிறு. அது உட்கார்ந்த இடத்தில் அசைவு நிற்கிறது, மயிர்கள் உதிர்கின்றன, துடைப்பம் இல்லாத வீடாகிறது நுரையீரல். ரத்தத்தில் இது ஓடித் திரிவதில்லை. மூக்கிலும் பெரிதாகத் தங்குவதில்லை. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலிலும் அதன் கிளைகளிலும்தான் குடித்தனம்.

ஆனால் உலகெங்கும் பல ஆண்டுகளாக மாதிரி எடுக்கப்பட்டது எங்கே? மூக்கில். காரணம், மூக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

இந்த நுண்ணுயிர் யார் என்று கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆயிற்று. 1951இல் குல்ராஜானியும் பெவரிட்ஜும் இந்த நியூமோனியா ஒரு பன்றியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது, இது பன்றி இன்ஃபுளூயன்சா அல்ல என்று பிரித்துக் காட்டினார்கள். காரணம் வைரஸாக இருக்கும் என்றே அப்போது கருதப்பட்டது. ‘பன்றிகளின் வைரஸ் நியூமோனியா’ என்றே புத்தகங்களில் பெயர். சாதாரண ஊடகத்தில் எதுவும் வளரவில்லை, நுண்வடிகட்டிகளில் சிலவற்றைத் தாண்டியும் போனது. வைரஸ் என்று நினைத்ததில் தவறில்லை. 1965இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக முடிச்சை அவிழ்த்தன. அமெரிக்காவில் மாரே, ஸ்விட்சர் இருவரும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் குட்வின், பொமராய், விட்டில்ஸ்டன் மூவரும். அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஹையோநியூமோனியே, கேம்பிரிட்ஜ்காரர்கள் வைத்தது சூயிநியூமோனியே. முன்னது நிலைத்தது. ஆனால் இன்றும் ஆய்வகங்களில் அளவுகோலாக நிற்பது கேம்பிரிட்ஜின் ‘ஜே’ வகை. பல தடுப்பூசிகளும் அதிலிருந்தே செய்யப்படுகின்றன. அண்மைக் காலத்தில் வகைபிரிப்பாளர்கள் சிலர் இதை ‘மீசோமைக்கோபிளாஸ்மா’ என்று மாற்றியிருக்கிறார்கள். சில ஆய்வறிக்கைகளில் அந்தப் பெயர் தென்பட்டால் புதுக் கிருமி வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

வளர்த்துப் பார்ப்பதுதானே நுண்ணுயிரியலில் முதல் பாடம்? இங்கே அந்தப் பாடம் எடுபடாது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் கிடையாது. பென்சிலினும் அமாக்சிசிலினும் இதன்மேல் செல்லாததற்கும் அதுவே காரணம். இடிக்கச் சுவர் இருந்தால்தானே இடிக்க முடியும். ஹையோநியூமோனியேயின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 9 லட்சம் கார இணைகள்தான், ஈ.கோலைக்கு இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ளும் மரபணுக்களைப் பெரும்பாலும் தொலைத்துவிட்ட உயிர் இது. எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரீஸ் 1970களில் வகுத்த ஊடகம்தான் இன்றுவரை இதற்கு உணவு. அதில் ஈஸ்ட் சாறும் பன்றி சீரமும் உண்டு. அந்தச் சீரத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கக்கூடாது. ஊடகத்தில் கலந்த ஃபீனால் ரெட் சிவப்பிலிருந்து மஞ்சளாகத் திரும்பினால் ஏதோ வளர்ந்து அமிலம் விடுகிறது என்று அர்த்தம். அதற்கு நான்கிலிருந்து எட்டு வாரம்கூட ஆகலாம்.

அப்படிக் காத்திருந்து மஞ்சளான குழாயில் வளர்ந்திருப்பது பல நேரம் வேறொருவர். மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ் என்ற பங்காளி அதே மாதிரியில் இருந்துகொண்டு, வேகமாகப் பெருகி, பந்தியை முதலில் முடித்துவிடும். அதை அடக்க ஊடகத்தில் அதற்கெதிரான சீரம் சேர்ப்பார்கள், கனாமைசின் சேர்ப்பார்கள். திடஊடகத்தில் மைக்கோபிளாஸ்மா என்றாலே ஆஃப்பாயில் போல நடுவில் திரண்ட கூட்டம் தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஹையோநியூமோனியே அந்த ஆஃப்பாயிலைக்கூடச் சரியாகப் போட்டுக் காட்டாது. ஆகவே வளர்ப்புச் சோதனை ஆராய்ச்சிக்கும், மருந்துக்கு எவ்வளவு பணிகிறது என்று அளப்பதற்கும், தடுப்பூசி வகைகளைப் பெறுவதற்கும் உரியது. இருமும் பன்றிக்கு அடுத்த வாரம் என்ன செய்வது என்று கேட்டு நிற்பவருக்கு அது பதில் சொல்லாது.

மிச்சம் இருப்பவை இரண்டு. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர்.; கிருமிக்கு எதிராகப் பன்றி உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடும் எலிசா. ஒன்று திருடனைத் தேடுகிறது, மற்றது திருட்டுப்போன வீட்டின் புகார்ப் பதிவேட்டைப் புரட்டுகிறது. இரண்டையும் ஒரே கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

பி.சி.ஆரை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஒப்பீட்டில், உயிருள்ள பன்றிகளில் தொற்றின் தொடக்க நாட்களில் மூக்குக் குச்சியைவிடக் குரல்வளைக் குச்சி தெளிவாக முந்தியது. பின்னர் வந்த ஆய்வுகள் ஒரு படி மேலே போய், மூச்சுக்குழலின் ஆழம்வரை மெல்லிய குழாயை விட்டு எடுக்கும் மாதிரி அதைவிடவும் நல்லது என்றன. கொட்டிலில் இதைச் செய்வது இப்படித்தான்: பன்றியின் மேல்தாடையில் சுருக்குக் கயிறு போட்டுப் பிடிக்க ஒருவர்; வாயைத் திறந்து வைக்க ஒரு கருவி; குரல்வளைக் குச்சியென்றால் லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சத்தில் நாக்கின் அடியை அழுத்திக் குரல்வளைச் சுவரைத் தடவி எடுக்க வேண்டும். ஆழக் குழாயென்றால் வெளிச்சம்கூட வேண்டாம். குழாயை உள்ளே தள்ளும்போது பன்றி இருமினால் சரியான வழியில் போகிறோம் என்று பொருள். இருமாமல் விழுங்கினால் உணவுக்குழலுக்குள் போய்விட்டோம். உள்ளே முன்னும் பின்னுமாக நாலைந்து முறை உரசி வெளியே எடுத்து, நுனியை மட்டும் வெட்டிக் குப்பியில் போட வேண்டும். ஒவ்வொரு பன்றிக்கும் கையுறையை மாற்ற வேண்டும், வெட்டும் கத்தரியையும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பன்றியின் கிருமி பத்தாவது பன்றியின் குப்பியில் பாசிட்டிவாக முளைக்கும்.

சத்தம் காதைப் பிளக்கும். பன்றி கத்துவதை முதன்முறை கேட்பவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மூக்குக் குச்சிக்குத் திரும்பிவிடுவது உண்டு. ஆய்வகத்துக்கு அந்தத் தடுமாற்றம் தெரியாது. வந்த குச்சியில் டி.என்.ஏ. இல்லை என்பதை மட்டும் அது சொல்லும். “நெகட்டிவ்” என்று அச்சாகும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பண்ணைக்கு நோயில்லை என்று கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பன்றியைப் பிடிக்கவே வேண்டாம், கொட்டிலில் பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டால் போதும் என்ற முறையும் உண்டு. அரைமணி நேரம் பன்றிகள் கூடிக் கடித்து விளையாடும். பிறகு கயிற்றைப் பிழிந்து எச்சிலை எடுத்துக்கொள்ளலாம். பி.ஆர்.ஆர்.எஸ்., இன்ஃபுளூயன்சா போன்றவற்றுக்கு அருமையான வழி. ஹையோநியூமோனியேக்கு ஏமாற்றம். மூச்சுக்குழலில் ஒட்டிக்கொண்டிருப்பவர் எச்சிலில் ஏன் நிறைய இருக்கப் போகிறார்?

இயந்திரத்துக்குள் நடப்பதிலும் கவனிக்க ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் 2004இல் இக்கிருமிக்கு ஒரு நிகழ்நேர பி.சி.ஆர். சோதனை என்று நிற்காமல், இரண்டு வெவ்வேறு மரபணுப் பகுதிகளைத் தேடும் இரண்டு சோதனைகளை வெளியிட்டார்கள். ஹையோநியூமோனியேயின் வகைகள் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபடுபவை. ஒரு பகுதி சற்று மாறிய வகை வந்தால் அதைத் தேடும் சோதனை தவறவிடலாம், மற்றது பிடித்துவிடும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் சந்தேகம் குறையும். நோயில்லாப் பகுதி என்று அறிவித்துவிட்ட நாட்டில் தவறான ஒரு பாசிட்டிவின் விலை என்ன என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

சி.டி. மதிப்பைப் பற்றி: பி.சி.ஆரின் எத்தனையாவது சுற்றில் டி.என்.ஏ. தென்பட்டது என்ற எண் அது. 22 என்றால் டி.என்.ஏ. நிறைய, 37 என்றால் விளிம்பில். அவ்வளவுதான். பன்றிக்கு நோய் எவ்வளவு கடுமை என்று அந்த எண் சொல்லாது. குச்சி எவ்வளவு சளியை அள்ளியது என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. செத்த கிருமியின் டி.என்.ஏ.யையும் உயிருள்ளதன் டி.என்.ஏ.யையும் பி.சி.ஆர். பிரித்துப் பார்க்காது. மருந்து கொடுத்து முடித்த வாரத்தில் மாதிரி எடுத்துவிட்டு, “பாசிட்டிவ் வந்துவிட்டது, மருந்து கேட்கவில்லை” என்று முடிவுகட்டுவது அவசரம்.

மறுபக்கமும் உண்டு. பன்றி இருமலை நிறுத்திவிட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தொற்று ஏற்படுத்தப்பட்ட பன்றிகளில் 214ஆம் நாளிலும், அதாவது ஏழு மாதம் கழித்தும், கிருமி இருந்தது. 254ஆம் நாளில் பார்த்தபோது நீங்கியிருந்தது. இதை வைத்துத்தான் அமெரிக்கப் பண்ணைகளில் புதுப் பன்றி எதையும் உள்ளே விடாமல் மந்தையை 240 நாளாவது மூடிவைத்துக் கிருமியை ஒழிக்கும் திட்டம் பிறந்தது. எட்டு மாதம் கதவடைத்துக் கிடப்பது எவ்வளவு பெரிய செலவு! அதன் முடிவில் “கிருமி போய்விட்டதா?” என்று கேட்டு எடுக்கும் மாதிரி மூக்கிலிருந்து எடுத்ததாக இருந்தால் அந்தச் செலவைப் பகடையில் வைத்ததாகும்.

எலிசாவின் கணக்கு வேறு. ரத்தம் எடுப்பது எளிது, சீரம் பிரிப்பது எளிது, ஒரு தட்டில் தொண்ணூறுக்குமேல் மாதிரி போடலாம். சிக்கல் காலத்தில் இருக்கிறது. இந்தக் கிருமி சுவரோரமாக ஒட்டிக்கொண்டு மெதுவாக வேலை பார்ப்பதால் பன்றியின் உடலும் மெதுவாகவே விழித்துக்கொள்கிறது. தொற்று வந்து மூன்று வாரத்தில் ஆன்டிபாடி காட்டும் பன்றி உண்டு, இரண்டு மாதம்வரை காட்டாத பன்றியும் உண்டு. குரல்வளைக் குச்சி முதல் வாரத்திலேயே பிடித்துவிட்ட பன்றியின் சீரம் அடுத்த பல நாட்களுக்கு நெகட்டிவாகவே இருக்கலாம். பிறகு சீம்பால். தாய்ப்பன்றியிடம் ஆன்டிபாடி இருந்தால் குட்டிக்குச் சீம்பால் வழியாக வந்துசேரும். சில வாரம், சில குட்டிகளில் இரண்டு மாதம்வரை கூட அது ரத்தத்தில் நிற்கும். ஐந்து வாரக் குட்டியின் எலிசா பாசிட்டிவ் பல சமயம் அதன் அம்மாவைப் பற்றிய செய்தி.

எல்லாவற்றுக்கும் மேல் தடுப்பூசி. புழக்கத்தில் உள்ள எலிசாக்கள் தடுப்பூசி உண்டாக்கிய ஆன்டிபாடியையும் தொற்று உண்டாக்கியதையும் பிரித்துச் சொல்லாது. தடுப்பூசி போட்ட மந்தையின் பாசிட்டிவைக் கண்டு “நோய் பரவிவிட்டது” என்று பதறுவதும், தடுப்பூசி போட்ட மந்தையின் நெகட்டிவைக் கண்டு “ஊசி வேலை செய்யவில்லை” என்று சொல்வதும் இரண்டும் தவறு. ஆன்டிபாடியின் அளவுக்கும் பன்றி பெற்ற பாதுகாப்புக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. இன்னொரு தொல்லை மைக்கோபிளாஸ்மா ஃப்ளாக்குலேர். 1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தத் தம்பி பொதுவாக நோய் தருவதில்லை, ஆனால் முகச்சாயலில் அண்ணனேதான். சில எலிசாக்கள் இருவரையும் குழப்பிக்கொள்ளும்.

தனி ஒரு பன்றியின் எலிசா முடிவை வைத்து அந்தப் பன்றிக்குச் சிகிச்சை தீர்மானிப்பதை விட்டுவிடலாம் என்பதே இந்த மடலின் கருத்து. எலிசா மந்தைக்குரியது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம், இருபது வாரம் என வயதுவாரியாக ரத்தம் எடுத்து வரிசையாக அடுக்கினால், ஆன்டிபாடி எந்த வயதில் ஏறுகிறது என்று தெரியும். அந்த வயதிலிருந்து சில வாரம் பின்னோக்கிப் போனால் தொற்று நுழையும் காலம். அந்த வயதுக் கொட்டிலில்தான் குரல்வளைக் குச்சிக்கு வேலை. எலிசா இடத்தைக் காட்ட, பி.சி.ஆர். ஆளைப் பிடிக்க.

எத்தனை பன்றியிடம் எடுப்பது? இங்கே கொஞ்சம் கணக்கு. பெரிய மந்தையில் நூற்றுக்கு ஐந்து பன்றிக்குத் தொற்று இருந்தால், அதில் ஒன்றையாவது 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க 59 பன்றிகள் வேண்டும். வழக்கத்தில் 60 என்று வைத்துக்கொள்வார்கள். இது சோதனை ஒன்றையும் தவறவிடாது என்று வைத்துப் போட்ட கணக்கு. எடுக்கும் மாதிரி தொற்றுள்ள பன்றிகளில் பாதியைத் தவறவிடும் தரம் என்றால் அதே உறுதிக்குச் சுமார் 118 பன்றி வேண்டும். மூக்கில் குச்சி விட்டு மிச்சப்படுத்திய நேரமெல்லாம் இங்கே வட்டியோடு போய்விடுகிறது. எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும்: நோயே இல்லாத மந்தையில், நூற்றுக்கு இரண்டு தவறான பாசிட்டிவ் தரும் சோதனையை 60 பன்றியிடம் செய்தால், ஒரு பாசிட்டிவாவது வர நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. ஒற்றைப் பாசிட்டிவைக் கண்டதும் மந்தையையே குற்றவாளியாக்கக் கூடாது. அதே பன்றியை வேறு சோதனையால் மறுபடி பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஐந்து குச்சியை ஒரு குழாயில் சேர்த்துப் பார்ப்பதும் வழக்கம். கிருமி நிறைந்த பன்றி இருந்தால் பரவாயில்லை. விளிம்பில் இருக்கும் ஒரே பன்றி மற்ற நான்கின் சளியில் கரைந்து காணாமல் போய்விடலாம். தொற்று மெதுவாகப் பரவும் இயல்புடையது என்பதால் இது முக்கியம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பால்மறந்த குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், தொற்றுள்ள ஒரு குட்டி ஆறு வாரத்தில் தன் கொட்டிலில் சராசரியாக ஒரு குட்டிக்குச் சற்று மேலாகத்தான் கொடுத்தது. தொடக்கத்தில் தேடுகிறவர் வைக்கோற்போரில் ஊசியைத்தான் தேடுகிறார்.

இதையெல்லாம் ஒரு நாடே சேர்ந்து செய்து பார்த்திருக்கிறது. சுவிட்சர்லாந்து 1996இல் தொடங்கி 2004 வரை, பகுதி பகுதியாக, நாடு முழுவதும் என்சூட்டிக் நியூமோனியாவை ஒழிக்கும் திட்டத்தை நடத்தியது. இனப்பெருக்கப் பண்ணைகளில் பத்து மாதத்துக்கு உட்பட்ட பன்றி ஒன்றுகூட இல்லாதபடி இரண்டு வாரம்போல வைத்திருந்து, அந்த நாட்களில் குட்டி ஈனாமலும் பார்த்துக்கொண்டு, வளர்ந்த பன்றிகளுக்கு மருந்து கொடுப்பார்கள். இளம் பன்றிகளே கிருமியை ஓட்டிக்கொண்டு போகும் வண்டிகள். வண்டி நின்றால் பயணம் நிற்கும். கொழுக்கவைக்கும் பண்ணைகளைக் காலிசெய்து கழுவினார்கள். கவனிக்க வேண்டியது அவர்கள் நோயறிந்த விதம். ‘மொசைக்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொட்டிலில் இருமல் உண்டா, பக்கத்துப் பண்ணையில் நோயுண்டா, அறுவைக்கூடத்தில் நுரையீரலின் முன்கீழ் மடல்களில் ஊதாவும் சாம்பலுமாக இறுகிய திட்டுகள் உண்டா, நுண்ணோக்கியில் மூச்சுக்கிளைகளைச் சுற்றி நிணநீர் செல்கள் கைவளைபோலக் கட்டியிருக்கின்றனவா, ஆய்வகம் கிருமியைக் கண்டதா என்று பல சில்லுகளைச் சேர்த்து ஒரு படம். எந்தச் சில்லும் தனியாகத் தீர்ப்பு எழுதவில்லை. நுரையீரல் திட்டுகளை மட்டும் நம்பினால் இன்ஃபுளூயன்சாவும் ஏறத்தாழ அதே இடத்தில் அதே கோலம் போடும். திட்டத்துக்குப் பிறகும் அங்கு அவ்வப்போது ஓரிரு பண்ணைகளில் நோய் மறுபடி தலைகாட்டுகிறது. காட்டுப்பன்றிகளிலும் இந்தக் கிருமி இருக்கிறது, காற்றும் சுமந்து செல்கிறது. அமெரிக்காவில் செய்து 2010இல் வெளியான ஒரு பரிசோதனையில் நோயுற்ற மந்தையிலிருந்து 9.2 கிலோமீட்டர் தள்ளி எடுத்த காற்று மாதிரியில் ஹையோநியூமோனியே பிடிபட்டது.

மற்ற மைக்கோபிளாஸ்மாக்களைச் சுருக்கமாக. மூன்றிலிருந்து பத்து வாரக் குட்டியின் மூட்டு வீங்கி, இதயத்தையும் குடலையும் சுற்றி நார்ப்படலம் படிந்திருந்தால் ஹையோரைனிஸ் சந்தேகம். அந்தப் படலத்தைத் தடவி எடுத்த குச்சியை அனுப்ப வேண்டும், மூக்குச் சளியை அனுப்பினால் ஆரோக்கியமான குட்டியிலும் பாசிட்டிவ் வரக்கூடும். அதைவிடப் பெரிய பன்றி திடீரென்று நொண்டினால் ஹையோசைனோவியே. நொண்டத் தொடங்கிய நாட்களிலேயே மூட்டுநீரை உறிஞ்சி அனுப்ப வேண்டும், மாதம் கடந்தால் கிருமி அங்கே இருக்காது. சோகையும் காய்ச்சலுமாகப் படுத்த பன்றியில் மைக்கோபிளாஸ்மா சூயிஸ். இதை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடிந்ததில்லை. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிச் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருப்பதைத் தேடலாம், அல்லது ரத்தத்தில் பி.சி.ஆர். செய்யலாம். நான்கு உறவினர்களுக்கு நான்கு இடம். “மைக்கோபிளாஸ்மா சோதிக்கவும்” என்று மட்டும் எழுதி ஒரு ரத்தக் குப்பியை அனுப்பினால் ஆய்வகம் எந்தக் கதவைத் தட்டும்?

பொட்டலம் கட்டுவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. செயற்கை இழைக் குச்சியே நல்லது. மரக்குச்சியும் ஆல்ஜினேட் பஞ்சும் பி.சி.ஆரைத் தடுக்கும். இறந்த பன்றியென்றால், இறுகிய திட்டும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்தில், உள்ளே மூச்சுக்கிளை வரும்படி நுரையீரலை வெட்டுங்கள். ஒரு துண்டு ஐஸ் பெட்டியில் பி.சி.ஆருக்கு, இன்னொன்று பத்து மடங்கு ஃபார்மலினில் திசு ஆய்வுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஃபார்மலினில் நாட்கணக்கில் ஊறிய துண்டிலிருந்து நல்ல டி.என்.ஏ. எடுப்பது சிரமம், உறைந்துபோன துண்டு நுண்ணோக்கியில் சல்லடையாகத் தெரியும். மருந்து கொடுக்காத, அண்மையில் இருமத் தொடங்கிய பன்றியே சிறந்த சாட்சி. பல மாதம் இளைத்து ஓரமாகக் கிடக்கும் பன்றியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அதையே தேர்ந்தெடுக்கத் தோன்றும்; அதன் நுரையீரலில் பிற்பாடு குடிவந்த பாக்டீரியாக்களின் கூச்சல்தான் அதிகமாக இருக்கும்.

கடைசியாக, மாதிரியோடு போகும் படிவம். அதில் பண்ணை முகவரியையும் பன்றிகளின் எண்ணிக்கையையும் எல்லோரும் நிரப்புகிறார்கள். கீழே இருக்கும் கட்டங்கள்தான் காலியாக வருகின்றன. பன்றியின் வயது, தடுப்பூசி போட்ட தேதி, இருமல் தொடங்கிய நாள், கடைசியாகக் கொடுத்த மருந்து, குச்சி எந்த இடத்தில் தொட்டது. இந்த ஐந்தையும் எழுதாமல் பெட்டியை ஒட்டாதீர்கள்.